பாவுக்கு வராத தெய்வநாயகி

தெய்வநாயகி எனக்கு ஓரகத்தி. என் வீட்டுக்காரருடைய அண்ணன் நாச்சிமுத்துவைக் கட்டியவள். அடுத்தடுத்த வீடு, பின்வாசல் பொது. நேரில் நான் அவளை அக்கா என்றுதான் கூப்பிடுவேன். ஆனால் இந்தக் கதையில் அவளை அக்கா என்று கூப்பிட இன்னொருத்தி இருக்கிறாள், அவளுடைய கூடப்பிறந்த தங்கை கந்தம்மாள். யார் யாரைச் சொல்கிறார்கள் என்று படிக்கிறவர்களுக்குத் தலை சுற்றக்கூடாது என்பதற்காக இங்கே பெயரைச் சொல்லியே எழுதுகிறேன். தலை சுற்றியதெல்லாம் எங்களோடு போகட்டும்.

ராசிபுரத்தில் எங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு தறி. ஆண்கள் தறிக்குழியில் இறங்கி உட்கார்ந்துவிட்டால் பெண்கள் பின்வாசல் பந்தலில் ராட்டையைப் போட்டுக்கொண்டு, தறியில் குறுக்கே ஓடுகிற நாடாவுக்குள் வைக்கிற தார்க்குச்சிகளில் நூல் சுற்றுவோம். கை தன்பாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருக்கும். வாயும் காதும் சும்மா இருக்கும். சும்மா இருக்கிற வாய் என்ன பேசும் என்று சொல்ல வேண்டியதில்லை. எங்கள் பந்தலில் ஊர் வம்பு குறைந்ததற்குத் தெய்வநாயகிதான் காரணம். அவள் நான்காம் வகுப்பு வரை படித்தவள். நாவல் படிப்பாள். படிக்கும்போது அவளால் ராட்டை சுற்ற முடியாது என்பதால் அவள் பங்குத் தாரை நாங்கள் ஆளுக்குக் கொஞ்சமாகச் சுற்றிக் கொடுத்துவிடுவோம். அவள் குரல் எடுத்துப் படிப்பாள். எனக்கு அப்போது எழுத்து தெரியாது. பிற்பாடு, இவளுக்கு மட்டும் தெரிவதா என்ற வீம்பில் கற்றுக்கொண்டேன். என் குணம் அப்படி.

நாவல்களைக் கொண்டுவந்து கொடுத்தவர் நூல் கடைக் கணக்கர் பாலசுந்தரம். சேலத்துக்கு அடிக்கடி பஸ்ஸில் போய் வருகிறவர். அங்கே பழைய புத்தகக்காரனிடம் அள்ளிக்கொண்டு வருவார். பாதிப் புத்தகங்களுக்கு முன்பக்கம் இருக்காது, மீதிக்குக் கடைசிப் பக்கங்கள் இருக்காது. யார் யாரைக் கட்டிக்கொண்டார்கள் என்று நாங்களே பேசி முடிவு கட்டுவோம். எனக்குப் பிடிக்காதவர்களை நான் காலராவில் கொன்றுவிடுவேன்.

அந்தப் புத்தகங்களில் எங்களுக்குத் தெரியாத வார்த்தைகள் ஏராளம். கேட்பதற்கு ஆள் கிடையாது. தெய்வநாயகி அதற்கு ஒரு வழி வைத்திருந்தாள். ஒரு வார்த்தை புரியவில்லை என்றால் அதை விட்டுவிட மாட்டாள், மனசில் ஓர் ஓரத்தில் போட்டு வைப்பாள். அடுத்த நாவலில் அதே வார்த்தை வந்தால் படிப்பதை நிறுத்திவிட்டு, "இருங்க, இது அந்த ஜமீன்தார் கதையில வந்துதல்ல?" என்பாள். அங்கே யார் சொன்னார்கள், எதற்குச் சொன்னார்கள், சொன்ன பிறகு என்ன ஆனது என்று பழைய கதையைத் திரும்பச் சொல்லி, இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பாள். மூன்றாவது நாவலில் வந்தால் அதையும் சேர்த்துக்கொள்வாள். விரக்தி என்ற வார்த்தை அப்படித்தான் எங்களுக்கு வந்தது. முதல் கதையில் விரக்தி வந்த பெண் சாப்பிடவில்லை, ஆகவே அது ஏதோ வயிற்று நோய் என்று நினைத்தோம். இரண்டாவது கதையில் விரக்தி வந்த பணக்காரர் சொத்தையெல்லாம் கோயிலுக்கு எழுதிவிட்டுப் போனார். மூன்றாவதில் பரீட்சை தேறாத ஒரு பையனுக்கு வந்தது. "அல்லாம் போதும்னு ஆயிப்போறதுதான் விரக்தி" என்று தெய்வநாயகி முடிவு சொன்னாள். அன்று இரவுச் சாப்பாட்டில் என் வீட்டுக்காரர் இரண்டாம் தடவை களி வேண்டாம் என்றபோது, "விரக்தி வந்துருச்சுங்களா?" என்று கேட்டேன். மனுஷர் விழித்தார்.

இப்படி எத்தனையோ வார்த்தைகளைப் பிடித்தவள் ஒரே ஒரு வார்த்தையிடம் மாட்டிக்கொண்டாள். அது மன்னிப்பு.

அதற்கு முன்னால் சண்டையைச் சொல்ல வேண்டும்.

கந்தம்மாள் தவழ்கிற வயசில் அவர்கள் அம்மா இறந்துபோனாள். தங்கையை இடுப்பில் வைத்து வளர்த்தது தெய்வநாயகி. பள்ளிக்கூடத்தை விட்டதும் அவளுக்காகத்தான். அவளுக்குக் கல்யாணம் பேசும்போது, தங்கையைத் தான் இருக்கிற தெருவிலேயே கொடுக்க வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்று, எங்கள் வீட்டுக்கு நாலு வீடு தள்ளி வேலுமணி என்கிற நல்ல மனுஷனுக்குக் கட்டி வைத்தாள். தெய்வநாயகிக்குப் பிள்ளை இல்லை. கந்தம்மாளின் மகள் பெரியநாயகி பாதி நாள் இவள் வீட்டில்தான் தூங்குவாள். தலை பின்னிவிடுவதும் இவள்தான். இந்த அளவுக்கு ஒட்டிக்கொண்டிருந்தவர்கள்.

சண்டைக்குக் காரணம் ஒரு சரிகைக் கட்டை, சேலைக் கரைக்குப் போடுகிற சரிகை சுற்றினது. ஒருநாள் மத்தியானம் கந்தம்மாள் சல்லடை கேட்டு வந்துவிட்டுப் போனாள். சாயங்காலம் பார்த்தால் தறி மேல் வைத்திருந்த சரிகைக் கட்டையைக் காணோம். தெய்வநாயகி வீட்டைத் தலைகீழாகப் புரட்டினாள். மறுநாள் காலையில் கிணற்றடியில் யாரோ கேட்டதற்கு, எரிச்சலில் ஒரு வார்த்தை விட்டுவிட்டாள்: "எங்கூட்டுக்கு வந்துட்டுப் போனது கந்தம்மா ஒருத்திதான்."

அவ்வளவுதான் சொன்னாள். திருடினாள் என்று சொல்லவில்லை. ஆனால் அதற்கு வேறு என்ன அர்த்தம்? கந்தம்மாள் குடத்தோடு பின்னால் நின்றிருந்தாள். பாதிக் குடம் மொண்டாள், தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு போய்விட்டாள். தெய்வநாயகியின் முகத்தை நான் பார்த்தேன். சொன்ன வார்த்தையைத் திரும்ப வாயில் போட்டுக்கொள்ள முடியுமானால் அப்போதே போட்டுக்கொண்டிருப்பாள்.

இரண்டு நாள் கழித்துச் சரிகைக் கட்டை உறியில் இருந்தது. எலிக்குப் பயந்து நாச்சிமுத்துவே எடுத்து உறியில் வைத்துவிட்டு மறந்து தொலைத்திருக்கிறார். மனுஷர் வெட்கப்படவேண்டாமோ? தெரு முழுக்கச் சொல்லிச் சிரித்தார். தெருவும் சிரித்தது. கந்தம்மாள் மேல் ஒரு குற்றமும் இல்லை என்று எல்லாருக்கும் தெரிந்துபோயிற்று. ஆனால் கந்தம்மாள் அக்காவோடு பேசுவதை நிறுத்திவிட்டாள். பெரியநாயகியும் வருவதை நிறுத்திவிட்டாள்.

"போயி ஒரு வார்த்தை சொல்லீட்டு வாக்கா" என்று தெய்வநாயகியிடம் சொன்னேன்.

"என்னன்னு சொல்றது புள்ள?"

நானும் யோசித்தேன். உண்மையில் என்ன சொல்வது? 'தப்பாப் போச்சு' என்பது சேலைக் கரை கோணலாகப் போனால் சொல்கிற வார்த்தை. 'பொறுத்துக்க தாயி' என்பது மாரியம்மனிடம் சொல்கிறது. கூடப்பிறந்தவளிடம் போய் என்ன சொல்வது என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரியவில்லை. அதற்குள் ஒரு வாரம் ஆயிற்று. ஒரு வாரம் சொல்லாததை அதற்கப்புறம் சொல்வது இன்னும் கஷ்டம். இப்படியே மாசமாகி, வருஷமும் ஆயிற்று.

இங்கே எங்கள் தெரு வழக்கம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும், இல்லாவிட்டால் பின்னால் நடந்தது யாருக்கும் விளங்காது. சேலையில் நீளவாட்டில் ஓடுகிற பாவு நூலுக்கு, தறியில் ஏற்றுவதற்கு முன்னால் கஞ்சி போட வேண்டும். அது வீட்டுக்குள் நடக்கிற வேலை இல்லை. வெயில் ஏறுவதற்கு முன்னால் தெருவின் நீளத்துக்குப் பாவை இழுத்துக் கட்டி, கஞ்சியைத் தேய்த்துக்கொண்டே போவார்கள். இரண்டு பக்கமும் ஆட்கள் நின்றுகொண்டு, அறுந்த இழைகளைக் கஞ்சி காய்வதற்குள் பிடித்து முடிச்சுப் போட்டுவிட வேண்டும். ஒரு வீட்டு ஆட்களால் ஆகாது. உன் பாவுக்கு நான், என் பாவுக்கு நீ. ஒவ்வொருத்தருக்கும் நிற்கிற இடம்கூட வழக்கமாக இருக்கும். இதில் பேச்சுவார்த்தை இல்லாதவர்கள் என்று விலக்கே கிடையாது. எங்கள் தெருவில் ஒரு சுவருக்காக நாமக்கல் கோர்ட்டுக்கு நடந்துகொண்டிருந்த இரண்டு வீட்டார்கூட ஒருத்தர் பாவுக்கு ஒருத்தர் வந்து, மூஞ்சியைத் திருப்பிக்கொண்டு இழை முடிந்துவிட்டுப் போவார்கள். பாவுக்கு வராமல் இருப்பது என்றால் அது வேறு. அதற்கு மேல் உறவு என்று ஒன்றும் இல்லை என்று அர்த்தம்.

அக்காவும் தங்கையும் நிற்கிற இடம் பக்கத்தில் பக்கத்தில். பேச்சு நின்ற பிறகும் அது மாறவில்லை. இரண்டு பேரும் தோளோடு தோள் உரச நின்று, குனிந்த தலை நிமிராமல் இழை முடிவார்கள். ஒரு வார்த்தை கிடையாது. எதிர்ப்பக்கம் நிற்கிற எனக்குப் பார்க்கப் பார்க்கப் பற்றிக்கொண்டு வரும். இரண்டு பேர் தலையையும் பிடித்து முட்டிவிடலாமா என்று இருக்கும்.

இந்தச் சமயத்தில்தான் மன்னிப்பு வந்து சேர்ந்தது. எங்கள் தெருவில் யாரும் அந்த வார்த்தையை வாயால் சொல்லி நான் கேட்டதில்லை. ஒரு ஜமீன்தார் நாவலில் திருடன் ஒருவன் ஜமீன்தார் காலில் விழுந்தான். ஜமீன்தார் கையைத் தூக்கி, "மன்னித்தேன்" என்றார். அவன் அழுதுகொண்டே எழுந்தான், அங்கேயே வேலைக்குச் சேர்ந்தான். தெய்வநாயகி படிப்பதை நிறுத்திவிட்டாள். நாங்கள் எல்லாரும் ராட்டையைச் சுற்றிக்கொண்டே அவளைப் பார்த்தோம்.

"இதுதான் புள்ள" என்றாள் என்னிடம், மெதுவாக. "எனக்கு வேண்டியது இதுதான்."

அன்றிலிருந்து அவள் அந்த ஒரு வார்த்தைக்காகவே நாவல் படித்தாள் என்று சொல்லலாம். ஆனால் விரக்தி மாதிரி இது லேசில் பிடிபடவில்லை. ஜமீன்தார் கதைப்படி பார்த்தால் மன்னிப்பு என்பது பெரியவர்கள் சின்னவர்களுக்குக் கொடுப்பது. இங்கே தப்புச் செய்தவள் மூத்தவள். தங்கை எப்படி அக்காவுக்குக் கொடுப்பாள்? அக்கா எப்படித் தங்கை காலில் விழுவாள்? விழுந்தால் தங்கையின் ஆயுசு குறையாதா? தெய்வநாயகிக்கு அதுவே பெரிய பயமாகிவிட்டது.

அடுத்து ஒரு துப்பறியும் கதை. அதில் ரயிலில் ஒரு கனவான் இன்னொரு கனவானின் காலை மிதித்துவிட்டு, "மன்னிக்கவும்" என்றார். மற்றவர் "பரவாயில்லை" என்று சொல்லிவிட்டுப் பேப்பர் படித்தார். அவ்வளவுதான். விழவும் இல்லை, அழவும் இல்லை.

"அப்ப இது சும்மா தள்ளுங்கன்னு சொல்றாப்பலயா?" என்று நான் கேட்டேன்.

"அதே வார்த்தைதான் போட்டிருக்குது" என்று தெய்வநாயகி புத்தகத்தை முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்த்தாள். எழுத்தை உற்றுப் பார்த்தால் உள்ளே இருந்து அர்த்தம் எட்டிப் பார்க்கும் என்று நினைத்தாளோ என்னவோ.

பிறகு ஒரு குடும்பக் கதை. கெட்ட வழியில் போன புருஷன் கடைசியில் திரும்பி வந்து, சாகக் கிடக்கிற பெண்சாதியிடம், "என்னை மன்னிப்பாயா?" என்று கேட்கிறான். அவள், "உங்களை நான் மன்னிப்பதா! அபசாரம்!" என்று சொல்லிவிட்டுச் செத்துப்போகிறாள். பந்தலில் எல்லாரும் அழுதோம். தெய்வநாயகி மட்டும் அழவில்லை. அவள் நெற்றியைச் சுருக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "அவ குடுத்தாளா, குடுக்கலியா?" என்று கேட்டாள். ஒருத்தி கொடுத்தாள் என்றாள், ஒருத்தி கொடுக்கவில்லை என்றாள். கொடுக்காமலே கொடுத்தாள் என்று நான் சொன்னேன், எனக்கே அது என்னவென்று தெரியாது.

இது போதாதென்று ஊரிலும் ஒரு விஷயம் நடந்தது. உப்புச் சத்தியாக்கிரகத்தில் ஜெயிலுக்குப் போன ஜவுளிக்கடை சுவாமிநாதன் விடுதலையாகி வந்தார். ஊரே திரண்டு மேளம் வைத்து அழைத்து வந்தது. எதற்கு இவ்வளவு மாலை என்று விசாரித்தால், மன்னிப்பு எழுதிக் கொடுத்தால் முன்னாலேயே விட்டுவிடுகிறோம் என்று சர்க்காரில் சொன்னார்களாம், முடியாது என்று சொல்லிவிட்டு முழுசாக ஜெயிலில் இருந்துவிட்டு வந்திருக்கிறாராம். நானும் தெய்வநாயகியும் கூட்டத்தில் நின்று பார்த்தோம்.  வீட்டு வாசலில் வந்து நின்று தெய்வநாயகி, "கேக்காத இருந்தா மாலை போடறாங்களே, புள்ள. அப்ப கேக்கறது அசிங்கமா?" என்றாள்.

"அது சர்க்காரு, இது தங்கச்சி" என்றேன்.

"வார்த்தை ஒண்ணுதானே?"

பாலசுந்தரத்திடமும் கேட்டாள். அவர் படித்த மனுஷர். "மன்னிப்புன்னா மன்னிப்புத்தானுங்க. வேறென்ன?" என்றார். இவள் விடவில்லை. கடையில் ஒரு அகராதி இருக்கிறது, பார்த்துவிட்டு வருகிறேன் என்று போனவர் மறுவாரம் வந்து, மன்னித்தல் என்றால் பொறுத்தல் என்று போட்டிருக்கிறது என்றார். பொறுத்தல் என்றால் என்ன போட்டிருக்கிறது என்று கேட்டாள். மன்னித்தல் என்று போட்டிருக்கிறதாம். தெய்வநாயகி அவருக்கு மோர் கொடுத்து அனுப்பினாள். நானாக இருந்தால் அதையும் கொடுத்திருக்க மாட்டேன்.

இதற்குள் மூன்று வருஷம் ஓடிவிட்டது. பெரியநாயகிக்குச் சேந்தமங்கலத்தில் மாப்பிள்ளை பார்த்து முடிவானது. தெய்வநாயகிக்கு அந்தச் செய்தி மூன்றாம் மனுஷர் சொல்லித்தான் தெரியும். தன் மடியில் தூங்கின பிள்ளைக்குக் கல்யாணம் என்பதைத் தண்ணீர் எடுக்கிற இடத்தில் கேட்டுக்கொண்டு வந்தாள். அன்றைக்குப் பந்தலில் அவள் படிக்கவில்லை. எங்களோடு உட்கார்ந்து ராட்டை சுற்றினாள். நூல் அறுந்துகொண்டே இருந்தது.

எங்கள் பக்கத்தில் நெருங்கிய உறவுக்கு வெற்றிலை பாக்கு வைத்து, வாய் திறந்து அழைக்க வேண்டும். அழைக்காத வீட்டுக்கு எப்படிப் போவது? பேசாத தங்கை எப்படி அழைப்பாள்? பெரியநாயகி கழுத்தில் தாலி ஏறுவதைப் பார்க்க முடியாமல் போய்விடுமோ என்பதுதான் அவளுக்குள் அரித்துக்கொண்டிருந்தது. வாய் விட்டே சொன்னாள்: "நான் பாக்காமயே அவ கல்யாணம் நடந்துருச்சுன்னா எனக்கு உசுரு இருந்தும் ஒண்ணுதான், இல்லாட்டியும் ஒண்ணுதான்." எனக்கும் அழுகை வந்தது. எனக்கு அழுகை வந்தால் கோபமும் கூடவே வரும். "எந்திரிச்சுப் போயி அவ ஊட்டு வாசல்ல நில்லு! எதாச்சும் சொல்லு!" என்று கத்தினேன்.

"எதாச்சும்னா எதை? சொல்றது தப்பாப் போயிட்டா இன்னொருக்கா மூணு வருசம் ஆவுமே!" என்றாள்.

அந்த நேரம் பார்த்துப் பாலசுந்தரம் இன்னொரு நாவல் கொண்டுவந்து கொடுத்தார். இப்போது நினைத்தாலும் அந்த மனுஷர் மேல் எனக்கு ஆத்திரம் வருகிறது. அந்தக் கதையில் ஒருத்தி தன் சினேகிதிக்குப் பெரிய துரோகம் செய்துவிட்டு, மனம் நொந்துபோகிறாள். 'மன்னிப்புக்குத் தகுதி பெறும்வரை என் நிழல்கூட அவள்மீது விழலாகாது' என்று சொல்லிவிட்டு ஆற்றுக்கு அக்கரையில் குடிசை போட்டு உட்கார்ந்துகொள்கிறாள். சினேகிதியின் கல்யாணம் நடக்கிறது. மேளச் சத்தம் அக்கரைக்குக் கேட்கிறது. இவள் போகவில்லை. தன் கெட்ட கண் அந்தத் தாலி மேல் படக்கூடாது என்று கதவைச் சாத்திக்கொள்கிறாள். அந்த இடத்தோடு புத்தகம் முடிந்துபோயிற்று. கடைசிப் பக்கங்கள் இல்லை.

"அப்பறம் என்ன ஆச்சாம்?" என்று பந்தலில் கேட்டார்கள்.

"அந்தச் சினேகிதியே தேடிக்கிட்டு வந்திருப்பா" என்றாள் தெய்வநாயகி. இதுவரை எந்தக் கதைக்கும் அவள் இவ்வளவு உறுதியாக முடிவு சொன்னதில்லை. எனக்கு அப்போதே சந்தேகம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. நான் அந்தக் குடிசைக்காரியைக் காலராவில் கொன்றுவிட்டு எழுந்து போனேன்.

அடுத்த வாரம் கந்தம்மாள் வீட்டுப் பாவு தெருவுக்கு வந்தது. சாதாரணப் பாவு இல்லை. அதில் முதல் சேலைதான் பெரியநாயகிக்குக் கூறைச் சேலை. வேலுமணி தன் கையாலேயே நெய்வதாக ஏற்பாடு. விடிந்தும் விடியாமலும் தெருவில் பாவை இழுத்துக் கட்டிவிட்டார்கள். கொல்லிமலைப் பக்கம் வானம் வெளுத்துக்கொண்டு வந்தது. நான் கையைக் கழுவிக்கொண்டு தெய்வநாயகியைக் கூப்பிடப் போனேன். அவள் விளக்குக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள்.

"பாவு போட்டாச்சு. எந்திரிக்கா."

"நான் வரல புள்ள."

எனக்குக் காதில் சரியாக விழவில்லையோ என்று இருந்தது. "ஒடம்பு செரியில்லையா?"

"ஒடம்புக்கென்ன. நான் வரப்படாது. அவ மன்னிக்காத கை அந்தக் கூறைச் சேலை இழையத் தொடப்படாது. எட்டத்துல இருக்கறதுதான் மொறை."

"எந்த ஊரு மொறை? பாவுக்கு வராத இருந்தா என்ன அர்த்தம்னு தெரியாதா ஒனக்கு?"

"தெரியும். நான் ஒண்ணும் கெட்ட எண்ணத்துல வராத இருக்கலியே. நல்லதுக்குத்தான வராத இருக்கறேன்? அவளுக்குப் புரியும்."

"அவ அந்த நாவலு படிச்சிருக்கறாளா?" என்று கத்தினேன்.

அவள் என்னை வெளியே அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டாள். அவள் முகத்தில் ஒரு தெளிவு இருந்தது. மூன்று வருஷமாகக் குழம்பிக் கிடந்தவளுக்கு ஒரு வழி தெரிந்துவிட்டது, அதுவும் இவ்வளவு பிசகான வழி. கடைசிப் பக்கம் இல்லாத ஒரு புத்தகத்தை நம்பிக் கதவைச் சாத்திக்கொண்டவளை என்ன செய்வது?

நான் போய் என் இடத்தில் நின்றேன். எதிர்ப்பக்கம் கந்தம்மாள் நின்றாள். அவளுக்குப் பக்கத்து இடம் காலியாக இருந்தது. யாரும் அதில் வந்து நிற்கவில்லை. கஞ்சி தேய்த்துக்கொண்டு வந்தார்கள். கந்தம்மாள் ஒரு தடவை எங்கள் வீட்டுப் பக்கம் பார்த்தாள். இன்னொரு தடவை என்னைப் பார்த்தாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். தெருவில் குசுகுசுவென்று பேச்சு கிளம்பிவிட்டது. கூறைச் சேலைப் பாவுக்கே வரவில்லையாம், கூடப்பிறந்தவள். காலி இடத்துக்கு நேராக இழைகள் அறுந்து தொங்கிக்கொண்டிருந்தன. அவற்றை யாராவது எட்டி முடிந்திருக்கலாம். நான்கூட முடிந்திருக்கலாம். ஏனோ யாருக்கும் கை போகவில்லை.

கந்தம்மாள் கையிலிருந்த இழையை அப்படியே விட்டாள். கஞ்சிக் கையோடு விடுவிடு என்று எங்கள் வீட்டுப் பக்கம் நடந்தாள். நானும் பின்னாலேயே ஓடினேன்.  கந்தம்மாள் கதவைத் தட்டவில்லை, அடித்தாள். கதவில் ஐந்து விரலும் கஞ்சியாகப் பதிந்தது.

"ஏனக்கா, பாவு போட்டிருக்குது, கண்ணு தெரியுதா இல்லியா?"

மூன்று வருஷத்துக்கு அப்புறம் முதல் பேச்சு. தெய்வநாயகி கதவைத் திறந்தாள்.  தங்கை தேடி வந்துவிட்டாள், கதையில் நடந்திருக்க வேண்டியது நடந்துவிட்டது என்று ஒரு நிமிஷம் நினைத்திருப்பாள் போல. இரண்டு கையையும் கூப்பிக்கொண்டு, புத்தகத்தில் இருக்கிற மாதிரியே ஆரம்பித்தாள்: "கந்தம்மா, நான் உனக்குச் செய்த பிழையை நீ மன்னிப்பாயாக."

கந்தம்மாள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். "இவளுக்கென்ன, காச்சலா?" என்று கேட்டாள். அப்புறம் அக்காவைப் பார்த்துக் குரலை உயர்த்தினாள். "கெணத்தடியில அல்லாரு முன்னாலயும் அந்தப் பேச்சுப் பேசுனியே. மறுநா வெடியால ஒம்பட ஊட்டுப் பாவு. நான் வந்தனா இல்லியா? சரிகைக் கட்டை அப்ப கெடைக்கவே இல்ல. ஊரே என்னைக் கள்ளின்னு நெனச்சுக்கிட்டு நின்னுது. எந்தக் கையக் கள்ளக் கைன்னு நீ நெனச்சியோ, அந்தக் கையாலதான் ஒம்பட இழைய முடிஞ்சு குடுத்துட்டுப் போனேன். நீ எம்பட புள்ள கூறைச் சேலைக்கு வராத கதவச் சாத்திக்கிட்டா, நான் என்னன்னு நெனைக்கறது?"

சொல்லி முடிப்பதற்குள் அவளுக்கு அழுகை வந்துவிட்டது. கையெல்லாம் கஞ்சி, கண்ணைத் துடைக்க முடியவில்லை. தெய்வநாயகி தன் முந்தானையால் துடைத்துவிட்டாள், சின்ன வயசில் துடைத்த மாதிரி.

எனக்கு அந்த நிமிஷம்தான் ஞாபகம் வந்தது. ஆமாம், வந்தாள். கிணற்றடிப் பேச்சுக்கு மறுநாள் எங்கள் பாவுக்குக் கந்தம்மாள் வந்து தன் இடத்தில் நின்றாள். நான் எதிரில்தான் நின்றேன். தெய்வநாயகி அவளுக்குப் பக்கத்தில் நின்றாள். அதை நாங்கள் இரண்டு பேரும் கண்ணால் பார்த்தோம், வழக்கம்தானே என்று விட்டுவிட்டோம். அப்புறம் மூன்று வருஷம் நாவல் நாவலாகத் தேடினோம்.

அப்படியானால் அன்றைக்கே கந்தம்மாள் மன்னிப்பைக் கொடுத்துவிட்டாளா? கொடுத்துவிட்டாள் என்றால் ஏன் பேசவில்லை? கொடுக்கவில்லை என்றால் ஏன் வந்தாள்? எனக்கு அப்போதும் புரியவில்லை. இப்போது நானே எழுதப் படிக்கக் கற்றுக்கொண்டு, தெய்வநாயகிக்குக் கண் மங்கிப்போன பிறகு அவளுக்கு நான் நாவல் படித்துக் காட்டுகிறேன். இப்போதும் அந்த வார்த்தை வந்தால் இது எந்த மாதிரி மன்னிப்பு என்று அவள் கேட்கிறாள். எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

"கஞ்சி காயுது, வாக்கா" என்றாள் கந்தம்மாள்.

"சித்த இரு, கையக் கழுவிக்கிட்டு வாரேன்" என்றாள் தெய்வநாயகி.

இரண்டு பேரும் தங்கள் இடத்தில் வந்து நின்றார்கள். தெருவில் பேச்சு சட்டென்று நின்றது. தொங்கிக்கொண்டிருந்த இழைகளைத் தெய்வநாயகி ஒவ்வொன்றாகப் பிடித்து முடிந்தாள். பாவுக்கு அந்தக் கடைசியில் பெரியநாயகி நின்றுகொண்டு பெரியம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டு பேரும் பழையபடி இழையிலேயே கண்ணாக இருந்தார்கள். மறுபடியும் பழைய கதைதானா என்று எனக்குப் பகீர் என்றது.

தெய்வநாயகிதான் தலை நிமிராமல் கேட்டாள். "அப்பறம் மூணு வருசமா எதுக்குப் புள்ள எங்கூடப் பேசாத இருந்தே?"

"நீ மூத்தவ. நீதான மொதல்ல பேசோணும்? நான் பாத்துக்கிட்டே இருந்தேன்."

"என்னன்னு பேசறதுன்னு எனக்குத் தெரியலியே கந்தா. நானும் தேடாத எடம் இல்ல."

"என்னன்னா என்ன? பக்கத்துல நின்னுக்கிட்டு, கஞ்சி தண்ணியா இருக்குதுன்னு சொல்லியிருந்தாக்கூட எனக்குப் போதும்."

தெய்வநாயகியின் கையில் இருந்த இழை நழுவிவிட்டது. அதை மறுபடி தேடிப் பிடித்தாள். கண்ணீர் பாவு மேல் விழாமல் இருக்க முகத்தைத் தோளில் துடைத்துக்கொண்டாள். பிறகு, தங்கை பக்கம் சாய்ந்து மெதுவாகச் சொன்னாள்.

"கஞ்சி தண்ணியா இருக்குது புள்ள."

"ஆமாக்கா. தண்ணியாத்தான் இருக்குது" என்றாள் கந்தம்மாள்.

நான் எதிர்ப்பக்கம் நின்று கையில் தொட்டுப் பார்த்தேன். கஞ்சி நல்ல கெட்டியாகத்தான் இருந்தது.